சுடலைக்கு, கன்னி விஷயமாக

அன்புள்ள சுடலை,

பொங்கலுக்குப் பிறகு எழுதவே இல்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியே. பெரியவன் வேலைக்குப் போகிறான், சம்பளத்தில் பாதி பெட்ரோலுக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒரு கன்னி வளர்கிறாள், நம்மூர் வேட்டைநாய் ஜாதி. கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு இரண்டு, பதினோரு மாதம். சிரிக்காதே. அந்த நாய் கேப்டன் என் டவுசரைக் கிழித்த கதை இங்கே யாருக்கும் தெரியாது, நீயும் வாய் திறக்காதே.

குட்டி கொடுத்தவர், அரபு வியாபாரிகள் கொண்டுவந்த சலூக்கி வேட்டைநாயின் வாரிசு என்றார். அவர் தம்பியோ பாண்டியர் காலத்து நாய் என்றார். ஆதாரம் கேட்டால் இருவரும் டீ சொன்னார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் கன்னி என்ற பேச்சை மட்டும் நம்பத் தோன்றுகிறது. உங்கள் ஆச்சி அப்படி ஒன்றோடுதானே வந்தார்? 2005-ல் நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, நம்மவளுக்கு இல்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இப்போதுதான் வருகிறது.

குரைப்பது அபூர்வம். விருந்தாளி வந்தால் மோந்துகூடப் பார்க்காமல் மூலைக்குப் போய்விடுவாள். ஒருமுறை அதட்டியதற்கு இரண்டு வேளை சாப்பிடவில்லை, என் மாமியார் தோற்றார். கருத்தடைக்குப் போனபோது டாக்டர், இந்த ஒல்லி வேட்டைநாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்து தெளிய வெகுநேரம் ஆகும் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்.

போன ஞாயிறு ரிங் ரோட்டில் காற்றில் ஒரு பாலித்தீன் பை பறந்தது. வாரை உருவிக்கொண்டு பாய்ந்தாள். கண்ணால் வேட்டையாடுகிற ஜாதி, எதிரே ஒன்று ஓடினால் காது கேட்காது. தொண்டை கிழியக் கத்தினேன். லாரிக்காரர் பிரேக் போட்டதால் உயிர். பையைக் கவ்வி வந்து என் காலடியில் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். அடிக்கக் கை வரவில்லை. அன்று ராத்திரி தூங்கவும் இல்லை.

சுடலை, இந்த மூன்றாம் மாடி அவளுக்கு ஆகாது. உன் கம்மாய்க்கரைத் தோட்டத்தில் வேலி இருக்கிறதே, வைத்துக்கொள்வாயா? முயலை மட்டும் துரத்த விடாதே. வனவிலங்கு வேட்டையைத் தடுக்க 1972-லேயே சட்டம் வந்தாயிற்று, அவள்தான் படிக்கவில்லை. கம்பங்கூழில் மோர் ஊற்றினால் தொட மாட்டாள், பால் வேண்டும். நீ சரி என்றால் வருகிற ஞாயிறு கூட்டி வருகிறேன். இரண்டு நாள் நானும் அங்கேயே தங்குவேன், கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போடு.

உன்,
பாண்டி