சூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் செல்போன் பேட்டரி நீடித்து உழைக்கப் பத்து யோசனைகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். வேலூரில் பதினெட்டு வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வந்து, "தம்பி, புத்தகத்துலயே போட்டிருக்கான் பாரு" என்று ஒரு பெரியவர் என்னோடு அரை மணி நேரம் வாதாடினார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் பிடித்துக்கொண்டது உங்கள் முதல் யோசனையை. பேட்டரியைச் சுத்தமாகத் தீரவிட்டு, போன் அணைந்த பிறகுதான் சார்ஜில் போட வேண்டுமாம். இது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். அந்த வகையைப் பாதியிலேயே திரும்பத் திரும்ப ஏற்றினால், அவ்வளவுதான் தன் கொள்ளளவு என்று அது பழகிவிடும் என்பார்கள். இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயான். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த சரக்கு. இதை உருவாக்கியதற்காக 2019-ல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். இதற்கு அந்தப் பழைய வியாதி கிடையாது. நேர்மாறாக, பூஜ்யத்துக்கு இறங்குவதும் நூறிலேயே கிடப்பதும்தான் இதற்கு ஆகாது. திரையில் காட்டும் சதவீதக் கணக்கு தாறுமாறாகப் போகும்போது ஒரு தடவை முழுதாக இறக்கி ஏற்றினால் கணக்கு சரியாகும். அதைத் தாண்டி அதில் ஒரு லாபமும் இல்லை.

உங்கள் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் இருந்தது. இன்று காலை ஏற்றிய சார்ஜ் ராத்திரி வரை நிற்பது ஒன்று. வாங்கிய போன் நான்கு வருடம் கழித்தும் அதே மாதிரி நிற்பது வேறொன்று. பத்து யோசனைகளில் இரண்டும் கலந்து கிடந்தன.

முதலாவதற்கு வருகிறேன். திரை வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னது சரி. ஆனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து காட்டும் கறுப்புத் திரைக்கு (டார்க் மோடு) மாறினால் சார்ஜ் நிறைய மிச்சமாகும் என்றது எல்லோருக்கும் பொருந்தாது. எல்சிடி திரையில் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், படம் கறுப்பானாலும் வெளுப்பானாலும். பத்தாயிரம் ரூபாய் போன்களில் பெரும்பாலும் அதுதான். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பான இடத்தில் அணைந்துவிடும். அதனால் அதில் மிச்சம் உண்டு. அதிலும் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-ல் அளந்து பார்த்தபோது, நாம் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சமானது. ஆப்களை நொடிக்கொரு தரம் தள்ளித் தள்ளி மூடுவதும் வீண் வேலை. மறுபடி திறக்கும்போது அது முதலிலிருந்து கிளம்ப வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் சார்ஜ் செலவு.

நீங்கள் சொல்லாமல் விட்டது சிக்னல். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் அதிக சக்தி கொடுத்துக் கத்த வேண்டியிருக்கிறது. ஜவ்வாது மலைக்குப் போய்வருகிறவர்கள், "போனைத் தொடவே இல்லண்ணா, பாதி சார்ஜ் போயிடுச்சு" என்பார்கள். பொய் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஏரோப்ளேன் மோடு போட்டு வைத்தாலே போதும்.

இரண்டாவது விஷயத்தில்தான் எனக்குக் கோபம். சூடு என்ற சொல்லே உங்கள் பக்கத்தில் இல்லை. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. எங்கள் ஊரில் கத்திரி வெயிலில் 40 என்பது சர்வசாதாரணம். சூடு ஏற ஏற உள்ளே வேண்டாத ரசாயன மாற்றங்கள் வேகமாக நடக்கும், அவற்றில் சிக்கிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. சூட்டோடு நூறு சதவீத சார்ஜும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

மே மாதத்தில் என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் புரியும். சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் போனை வண்டி ஹேண்டில்பாரில் மாட்டி, உச்சி வெயிலில் முழு வெளிச்சம் வைத்து, மேப் ஓடவிட்டு, போதாததற்குப் பவர் பேங்க்கையும் செருகியிருப்பார்கள். ஒரே வருடத்தில் பேட்டரி உப்பி, பின்மூடியை நெம்பிக்கொண்டு வெளியே வந்துவிடும். பிழைப்பு அப்படி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுத் தூங்குகிறவர்களையும், கேஸ் அடுப்புப் பக்கத்தில் செருகி வைக்கிறவர்களையும் என்ன சொல்ல? சார்ஜ் ஏறும்போது தடித்த கவரைக் கழற்றினாலே கொஞ்சம் சூடு குறையும். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி இப்போது பல போன்களில் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் "முழுசா ஏறலையே" என்று மறுநாள் திரும்பி வருகிறார்கள், அது வேறு கதை.

என்ன பத்திரமாக வைத்தாலும் ஒரு நாள் பேட்டரி தேயும். முன்பு நகத்தால் மூடியைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டோம். இப்போது பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள், நான் சூடு காட்டி நெம்பி எடுக்க வேண்டியிருக்கிறது. புதிதாகப் போட நல்ல பேட்டரி கிடைப்பதும் பெரும்பாடு. ஒரு மொத்த வியாபாரி ஒரிஜினல் என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்ததில் மூன்று, இரண்டே மாதத்தில் உப்பின. வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 முறை ஏறி இறங்கிய பிறகும் புதிதில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதமாவது தாங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பத்து யோசனைக்குப் பதில் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்.

அந்தப் பெரியவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றதையும் அவங்க அச்சுல போடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று போய்விட்டார். போட்டால், இதையும் சேர்த்துப் போடுங்கள்: பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜில் போடக் கூடாது, குப்பைத் தொட்டியிலும் வீசக் கூடாது. போனை அணைத்து அப்படியே கடைக்கு எடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
வேலூர்.