பராமரிப்புப் பணியாளரின் விசாவை முதலாளியிடம் அடகு வைக்காதீர்கள்: உள்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிரித்தானிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் லண்டன் ஹாரோவில் பெற்றோல் நிலையம் நடத்தும் இலங்கைத் தமிழன். என் அம்மாவைப் பராமரிக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண் போன மாதத்தோடு நின்றுவிட்டார். அவராக வேலையை விடவில்லை. அவரை இந்தியாவிலிருந்து கொண்டுவந்த நிறுவனத்தின் ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் அனுமதி, பறிபோனது, கூடவே அவருடைய வேலையும் போனது. இனி 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் விமானம் ஏற வேண்டும். விதியை வைத்திருப்பவரே நீங்கள். உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

கேட்க வந்தது ஒன்றுதான். பராமரிப்புப் பணியாளரின் விசாவை ஒரே முதலாளியோடு கட்டிவைக்காதீர்கள். பராமரிப்புத் துறை முழுவதிலும் எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யக்கூடிய விசாவாக அதை மாற்றிக் கொடுங்கள். இது நானாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. யூனிசன் தொழிற்சங்கம் ஏற்கெனவே கேட்டுவருவதுதான்.

என் அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. மறதி நோய். இந்த நாட்டுக்கு வந்தபின் கற்ற ஆங்கிலம்தான் முதலில் போனது. இப்போது மிச்சம் இருப்பது யாழ்ப்பாணத்துத் தமிழ் மட்டும், அதிலும் அரைவாசி முனகல். முந்தி வந்த கேரர்கள் (பராமரிப்புப் பணியாளர்கள்) நல்லவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கழுவிவிடும்போது அம்மா "எரியுது, எரியுது" என்று அழுததை அவர்கள் நோயின் புலம்பல் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். கடையில் நிற்கும் எனக்கும் அது தெரியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த இந்தப் பெண் ஊரில் நர்ஸாக இருந்தவர். வந்த கிழமையே சிறுநீர்த் தொற்றாக இருக்கும் என்று சொல்லி டாக்டரைக் கூப்பிட வைத்தார். மருந்து கொடுத்ததும் அழுகை நின்றது. அதற்கப்புறம் அம்மா அவர் கையால்தான் சாப்பிட்டார். அவர் பேசும் தமிழும் அம்மாவின் தமிழும் வேறு வேறு. ஆனாலும் இரண்டு பேரும் மணிக்கணக்கில் கதைத்தார்கள்.

இப்போது நாளுக்கு ஒரு புது முகம் வருகிறது. அம்மா வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். கரண்டியைத் தட்டிவிடுகிறார். வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "உணவு மறுக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார், அவருக்கும் நேரக் கணக்கு இருக்கிறது. இங்கே அம்மாவுக்கு உடம்பு வற்றிக்கொண்டு வருகிறது. மூன்று தெரு தள்ளி ஒரு வாடகை அறையில், அம்மாவுக்கு ஊட்டத் தெரிந்த பெண் வேலை செய்யக் கூடாது என்பதால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

அந்த நிறுவனம் உத்தமமானது என்று நான் சொல்லவில்லை. ஊரில் நகையை விற்று ஏஜெண்டுக்குக் காசு கட்டி வந்த பெண்ணுக்கு, சொன்ன மணித்தியாலத்தில் பாதிகூட வேலை கொடுக்கவில்லை. ஏன் முறைப்பாடு செய்யவில்லை என்று கேட்டேன். "அவங்க லைசென்ஸ் போனா நானும் போகணுமே அண்ணா" என்றார். அதுதான் நடந்தது. ஏமாற்றியவனுக்கு லைசென்ஸ் போகிறது, ஏமாந்தவளுக்கு நாடே போகிறது. இதை நீதி என்று நீங்களும் நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவர் ஒருவர் கதை என்றால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். 2022 ஜூலை முதல் 2024 டிசெம்பர் வரை பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட ஸ்பான்சர் லைசென்ஸ்கள் பறிக்கப்பட்டன என்று உங்கள் அரசாங்கமே சொல்லியிருக்கிறது. அந்த நிறுவனங்களோடு சம்பந்தப்பட்ட பணியாளர்கள் ஏறக்குறைய 40,000 பேர்.

இவர்களை யார் கூப்பிட்டது? எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த நாட்டு அரசாங்கம்தான், அதனால் "நீங்கள்" என்றே சொல்கிறேன். 2021 ஜனவரியில் ஐரோப்பியர்களின் தடையற்ற வரவை நிறுத்தினீர்கள். கேரர் வேலைக்குப் புதிய விசா முறையில் இடமே வைக்கவில்லை. 2021-22இல் இங்கிலாந்தில் மட்டும் இந்தத் துறையில் சுமார் 1,65,000 இடங்கள் காலியாகக் கிடந்தன. அதன் பிறகுதான் 2022 பெப்ரவரியில் அவசரமாகக் கதவைத் திறந்தீர்கள். 2024 மார்ச்சில் பிள்ளைகுட்டியைக் கூட்டிவரக் கூடாது என்றீர்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையே நிறுத்தினீர்கள், அப்போதும் காலியிடம் ஒரு லட்சத்துக்கு மேல். கொரோனாக் காலத்தில் வியாழக்கிழமை தோறும் இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று கைதட்டினோமே, அது இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆள் வேண்டும், ஆனால் ஆள் இருக்கக் கூடாது என்ற இந்தப் போக்கை நான் என் கடையிலேயே பார்த்தவன். 2021 செப்டெம்பரில் பெற்றோல் நாட்டில் இருந்தது, அதை ஏற்றிவரும் பவுசர் லொறியை ஓட்ட ஆள்தான் இல்லை. கொரோனாவில் ஓட்டுநர் பரீட்சைகள் நின்றதும் காரணம், ஐரோப்பிய ஓட்டுநர்கள் ஊர் திரும்பியதும் காரணம். வரிசையில் நின்றவர்களிடம் திட்டு வாங்கியது நாங்கள். ஒக்டோபரில் இராணுவத்தை இறக்கினார்கள். அன்றைய அரசாங்கம் 5,000 லொறி ஓட்டுநர்களுக்கு விசா அறிவித்தது, எதுவரை தெரியுமா? டிசெம்பர் 24 வரை. வான்கோழியைக் கொண்டுவந்து இறக்குங்கள், நத்தார் சாப்பாட்டுக்கு மட்டும் நிற்காதீர்கள்! பிறகு பெப்ரவரி கடைசிவரை நீட்டிப் பார்த்தார்கள். வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

மன்னிக்க வேண்டும், பழைய கோபம். அது உங்கள் காலத்தில் நடந்ததும் அல்ல.

ஆனால் இது உங்கள் காலம். ஐந்து ஆண்டில் நிரந்தர வதிவுரிமை என்று நம்பி வந்த கேரர்களுக்கு அதை 15 ஆண்டாக்கும் திட்டம் உங்கள் அமைச்சிலிருந்துதான் வந்தது. பதினைந்து ஆண்டு ஒரு முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் இருக்க வேண்டும் என்றால், முதலாளி என்ன கேட்டாலும் அவர் தலையாட்டத்தான் செய்வார். வேறு ஸ்பான்சர் தேடிப்போன இந்தப் பெண்ணிடம் மறுபடியும் காசு கேட்கிறார்கள். இந்த முறை விற்க நகை இல்லை.

ஆகவே பணிவாகவே கேட்கிறேன். பராமரிப்புப் பணியாளரின் விசாவை முதலாளியிடமிருந்து பிரித்து அவரிடமே கொடுங்கள். மோசமான நிறுவனங்களின் லைசென்ஸைத் தாராளமாகப் பறியுங்கள், நானும் கைதட்டுவேன். அங்கே வேலை செய்தவர் அடுத்த நாளே வேறு இடத்தில் ஷிஃப்ட் போகட்டும். சட்டம் மாற நாளாகும் என்று எனக்குத் தெரியும். அதுவரைக்கும் அந்த 60 நாள் கெடுவையாவது நீட்டித் தாருங்கள், அந்த இடைவெளியில் வேறு பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்யவும் அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
ஹாரோவிலிருந்து ஒரு மகன்