நீர்மட்டப் பட்டியலில் இல்லாத அணை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் அணைகளின் நீர்மட்டத்தை அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் பார்த்து வருகிறோம். மேட்டூர், பவானிசாகர், அமராவதி எல்லாம் இருக்கும். நொய்யல் ஆற்றின் குறுக்கே இருக்கிற ஒரத்துப்பாளையம் மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. சென்னிமலைப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு அதுதானே அணை!

போன வாரம் நொய்யலைப் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையும் அப்படித்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், சூலூர், திருப்பூர் என்று வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேர்கிற ஆறு, மொத்தமாக 200 கிலோமீட்டர்கூடத் தேறாது. மழை பெய்தால் வரும், இல்லாவிட்டால் மணல்தான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே ஓடுவதால், மேற்குக் கடற்கரைக்கும் கரூருக்கும் நடந்த அந்தக் கால வியாபாரம் இதன் கரையோடு போயிருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது நொய்யல் கரையில் இருக்கிற எங்கள் கொடுமணல்தான் என்கிறார்கள். அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலையும், கல்மணி செய்த பட்டறையும், பானை ஓட்டில் கீறிய தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தும் கிடைத்தன. இதையெல்லாம் ரசித்து எழுதிவிட்டு, அதன் பக்கத்திலேயே இருக்கிற அணையை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, அதுதான் வருத்தம்.

1992இல் கட்டிய அணை அது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் பாயும் என்றார்கள். சரி, தண்ணீர் தேங்கியது, கூடவே மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலிருந்து வந்த கழிவும் தேங்கியது. அந்த உப்பு நிலத்தில் இறங்கி எங்கள் கிணற்றுக்கும் வந்து, பருப்பு வேகாமல் போய், மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தவன். அப்புறம் நடந்ததுதான் கூத்து: பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று அதன் பாசனத்தில் இருக்கிற ஆயக்கட்டு விவசாயிகளே கேட்க வேண்டி வந்தது. 2003இல் வழக்கு, 2006இல் கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று உயர் நீதிமன்ற உத்தரவு, 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்படியும் நிற்காமல், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னார்கள். திருப்பூரில் எத்தனையோ பேர் வேலையில்லாமல் நின்றார்கள், அதுவும் எங்களுக்குச் சந்தோஷம் இல்லை, எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள்.

இப்போது சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன, முன்னைக்கு இப்போது தேவலை. ஆனாலும் மழைத் தண்ணீர் மதகைத் தாண்டி வரும்போது அதை வயலுக்குத் திருப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் வரப்பில் நிற்கிறோம். எத்தனை அடி என்று நீங்கள் போட வேண்டாம். மழைக்காலத்திலாவது அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். பவானிசாகருக்குக் கீழே ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
சென்னிமலை வட்டாரம்.