பூச்சி இல்லாத கதை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பேரனுக்கு முதல் பல் விழுந்த சேதியைப் படித்ததுமே பதில் எழுத உட்கார்ந்தேன். நூலகத்தில் நடப்பதையும் சேர்த்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமைக் கதை நேரத்தில் இந்த மாதம் பற்களைப் பற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். முதல் வாரம் நாம் சின்ன வயதில் கேட்ட பூச்சிப்பல் கதையைத்தான் சொன்னேன். இனிப்பு தின்ற பையன், பல்லுக்குள் குடியேறிய கறுப்புப் பூச்சி, கடைசியில் குறடோடு வந்த டாக்டர். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். முன்வரிசையில் ஒரு நாலு வயதுக் குழந்தை மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று இரவு பல் தேய்க்கவே விடவில்லையாம். வாயைத் திறந்தால் பூச்சி உள்ளே போய்விடும் என்று ஒரே அழுகை. அவள் அம்மா சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை.

பல்லில் பூச்சி என்று ஒன்று கிடையாதே! 1728-லேயே பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் அதை மறுத்து எழுதிவிட்டார். நாம்தான் ‘பூச்சிப்பல்’ என்ற சொல்லோடு அந்தப் பயத்தையும் சேர்த்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த வாரம் கதையையே மாற்றினேன். பல் ஒரு வெள்ளைக் கோட்டை. வாயில் இருக்கும் கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. நம் உடம்பிலேயே கெட்டியானது எனாமல் என்ற பல்லின் வெளிச்சுவர். அந்தச் சுவரையே அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஆனால் கோட்டைக்குள் ஒரு கொத்தனார் உண்டு. பெயர் உமிழ்நீர். அமிலத்தைக் கழுவிவிட்டு, கரைந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தை வைத்துப் பூசுவார். அவருக்கு அவகாசம் வேண்டும். பூசி முடிப்பதற்குள் அடுத்த மிட்டாய் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சுவரில் ஓட்டையே விழுந்துவிட்டால் அவரால் ஆகாது, அப்போது டாக்டர் வருவார். இந்த முறை டாக்டர் பெரிய கொத்தனார், குறடு இல்லை.

“நாலு மிட்டாயை ஒரே நேரத்தில் தின்றால் கொத்தனாருக்குக் கஷ்டமா, மணிக்கு ஒன்றாக நாள் முழுக்கத் தின்றால் கஷ்டமா?” என்று கேட்டேன். பெரிய சண்டையே நடந்தது. எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பது பல்லுக்கு முக்கியம் என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு பையன் கேட்டான்: “கொத்தனார் ராத்திரி தூங்கிடுவாரா?”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. உண்மையிலேயே தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். படுக்கும் முன் ஏன் பல் தேய்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் உண்டா? நான் சொல்ல நினைத்திருந்த வாசகத்தை விட்டுவிட்டு அவன் கேள்வியையே கதையின் முடிவாக வைத்துக்கொண்டேன். வாயைப் பொத்திய குழந்தை இப்போது தூங்கும் முன் தானே பிரஷ்ஷை எடுத்து வருகிறாளாம்.

சரி, உன் பேரன் விஷயம். ஆறு வயது என்றால் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் புதிதாகக் கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பலர் அதையும் பால்பல் என்று விட்டுவிடுகிறார்கள். அது நிலைப்பல், வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டியது. மகளிடம் கண்டிப்பாகச் சொல். ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும். தேய்த்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நின்று தேய்த்துவிடுவது நல்லது; பிள்ளையின் கை இன்னும் பின்பல் வரை ஒழுங்காக எட்டாது.

வரும் வாரம், எப்படியும் விழப்போகும் பால்பல்லை ஏன் காக்க வேண்டும் என்று ஒரு கதை. புதுப் பல் வரும்வரை அதற்கு இடம் பிடித்து வைத்திருக்கும் நண்பனாக அதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். உன் பேரனுக்குச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவன் என்ன கேள்வி கேட்கிறான் என்று மட்டும் சனிக்கிழமைக்குள் எழுது. உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி