ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுக்க விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கரூர் மாவட்டத்துல ஜெராக்ஸ், டிடிபி கடை வெச்சிருக்கேன். மார்ச், ஏப்ரல் வந்தா இன்ஜினியரிங் பசங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க வரிசையா வருவாங்க, அப்ப அவங்க காலேஜ்ல குடுத்த ஃபார்மேட் ஷீட்டையும் கையிலயே கொண்டு வருவாங்க, அதுல பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் பிரிண்ட் இருக்கணும், லைனுக்கு நடுவுல ஒன்றரை ஸ்பேஸ் விடணும்னு இருக்கும். எண்பது பக்க ரிப்போர்ட்னு வைங்க. டீம்ல நாலு பேர், ஆளுக்கு ஒண்ணு, கைடுக்கு ஒண்ணு, டிபார்ட்மென்ட்டுக்கு ஒண்ணு, மொத்தம் 6 காப்பி. 480 பேப்பர். அதாவது ஒரு டீமுக்கே கிட்டத்தட்ட ஒரு ரீம் (500 பேப்பர்) காலி, 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) பேப்பர்னா ரெண்டு கிலோவுக்கு மேல எடை. ஒரு டிபார்ட்மென்ட்ல எத்தனை டீம், ஒரு காலேஜ்ல எத்தனை டிபார்ட்மென்ட்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

பக்கத்துக்கு இவ்ளோன்னு காசு வாங்குற கடைக்காரனே இதை எழுதலாமான்னு சிலர் கேக்கலாம். எழுதத்தான் வேணும், ஏன்னா ஒரு பக்கம் வெள்ளையாவே பைண்டிங்குக்குப் போற பேப்பரை தினமும் கையால எடுத்து அடுக்குறவன் நான்தான். இங்க பக்கத்துலயே காகிதபுரத்துல டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) ஆலை இருக்கு, 1979-ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சது, சர்க்கரை ஆலையில சாறு பிழிஞ்சது போக மிஞ்சுற கரும்புச் சக்கையில பேப்பர் செய்யுறதுக்குன்னே கட்டுன ஆலை. சர்க்கரை ஆலைங்க அந்தச் சக்கையை பாய்லர்ல போட்டு எரிச்சிட்டிருந்தாங்க, அதை வாங்கி பேப்பர் ஆக்குறாங்க, பெருமையான விஷயம்தான். ஆனா சக்கையில செஞ்சாலும் மரக்கூழும் சேருது, தண்ணி வேணும், கரண்ட் வேணும். சும்மா வந்துடுற பொருள் இல்ல அது.

ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்தா மரியாதையா இருக்காதுன்னு ஒரு நினைப்பு நம்ம ஆபீஸ்கள்ல ரொம்ப காலமா இருக்கு. சுப்ரீம் கோர்ட்டே 2020 மார்ச்ல சர்க்குலர் போட்டு, ஏப்ரல் 1-லேருந்து தாக்கல் பண்ற மனு எல்லாம் ஏ4 பேப்பர்ல ரெண்டு பக்கமும் பிரிண்ட் பண்ணி குடுக்கலாம்னு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் லீகல் சைஸ்ல ஒரு பக்கம் மட்டும்தான். நாட்டோட உச்ச நீதிமன்றத்துக்கே அது போதும்னா, ஒரு காலேஜ் ரிப்போர்ட்டுக்கு ஏன் போதாது? ரெண்டு பக்கமும்னா அதே 6 காப்பி 240 பேப்பர்ல முடிஞ்சிடும். ரெண்டு காப்பி மட்டும் பைண்ட் பண்ணி குடுத்துட்டு மீதியை பிடிஎஃப்பா அனுப்ப விட்டா 80 பேப்பர்தான். இதுக்கு ஃபார்மேட் ஷீட்ல ஒரே ஒரு வரியை மாத்தினா போதும், அடுத்த ப்ராஜெக்ட் சீசனுக்கு முன்னாடி காலேஜ் நிர்வாகங்க இதைச் செய்யணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன். பசங்களுக்கும் காசு மிச்சம், பெத்தவங்க அனுப்புற பணம்தானே அது.

அடுத்தது தமிழ் பிரிண்ட். இதைப் பத்தி யாரும் பேசி நான் பாத்ததில்ல. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள், அதுக்கு மனு டைப் பண்ண காலையிலயே ஆளுங்க வந்துடுவாங்க. பாதி மனுவுல என்ன ஆகும்னா, விஷயம் எல்லாம் முதல் பக்கத்துல முடிஞ்சிருக்கும், "இப்படிக்கு"ன்னு ஒரு வரியும் கையெழுத்து போடுற இடமும் மட்டும் ரெண்டாவது பக்கத்துக்குப் போயிடும். நம்ம எழுத்துக்கு மேல சுழி, கீழ கால்னு இருக்கறதால லதா மாதிரி ஃபான்ட்ல லைன் உயரமே அதிகம், வேர்டுல சிங்கிள் ஸ்பேஸ்னு வெச்சாலும் இங்கிலீஷைவிட அகலமா இடைவெளி விடும். அதை சிங்கிள்ல விடாம "எக்ஸாக்ட்லி"ன்னு மாத்தி, 11 சைஸ் எழுத்துக்கு 16 இல்ல 17 பாயின்ட் குடுத்துப் பாருங்க, மூணு நாலு வரி மேல ஏறிடும், ரெண்டாவது பேப்பர் தேவைப்படாது. ரொம்பக் குறைச்சிடாதீங்க, 'கி' 'மீ'ல இருக்கற சுழி வெட்டுப்படும், அதனால பிரிவியூல ஒரு தடவை பாத்துட்டு எடுங்க. விஜயான்னு மைக்ரோசாஃப்ட்டோட ஒரு ஃபான்ட் இருக்கு, அதே சைஸ்ல லதாவைவிட ரொம்பச் சின்னதா வரும், ஆனா வயசானவங்க படிக்கிற மனுவுக்கு அதை நான் போட மாட்டேன், படிக்க முடியாம இன்னொரு தடவை பெருசா எடுத்துட்டு வான்னு சொல்லிட்டா ரெட்டைச் செலவு.

வெளிநாட்டுல கூட ஃபான்ட் மாத்தி இங்க் மிச்சம் பண்ணலாம்னு முயற்சி பண்ணியிருக்காங்க. அமெரிக்காவுல விஸ்கான்சின் கிரீன் பே யுனிவர்சிட்டியில 2010-ல ஏரியல்லேருந்து செஞ்சுரி காத்திக்குக்கு மாறினாங்க, எழுத்து மெலிசு, அதனால இங்க் குறைவு. ஆனா அது அகலமான எழுத்து, நீளமான டாக்குமென்ட்டுக்கு பக்கம் கூடிடும், இங்க்ல மிச்சம் பண்ணதை பேப்பர்ல விட்ட மாதிரி ஆயிடும். ரெண்டையும் சேத்துப் பாத்துதான் முடிவு பண்ணணும்.

வீட்டுல இங்க்ஜெட் வெச்சிருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. பிரிண்ட் முடிஞ்சதும் நேரா சுவத்து ஸ்விட்சை அணைக்காதீங்க. பிரிண்டர்ல இருக்கற பவர் பட்டனை அமுக்குங்க, அப்பதான் இங்க்கைத் தெளிக்கிற ஹெட் அதோட இடத்துக்குப் போய் மூடி போட்டுக்கும். பாதியில கரண்ட்டை நிறுத்திட்டா ஹெட் திறந்தபடியே நின்னு, நம்ம ஊர் வெயிலுக்கு இங்க் காஞ்சு அடைச்சுக்கும். அப்புறம் கோடு கோடா வருதுன்னு ஹெட் கிளீனிங்கை திரும்பத் திரும்பக் குடுப்பாங்க. அந்த ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல இங்க்கை உறிஞ்சி உள்ள இருக்கற ஒரு பஞ்சுல கொட்டுது, அது நிறைஞ்சிடுச்சுன்னா பிரிண்டரே வேலை செய்ய மாட்டேன்னு சிவப்பு லைட்டைக் காட்டி நின்னுடும். முதல்ல நாசில் செக் (எல்லாக் கலரும் சரியா வருதான்னு பாக்குற சோதனை பிரிண்ட்) எடுங்க, அதுக்கு கொஞ்சூண்டு இங்க்தான். அதுல கலர் விட்டிருந்தா மட்டும் கிளீனிங் ஒரு தடவை, சில மணி நேரம் விட்டு இன்னொரு தடவை. வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் கலரும் இருக்கற மாதிரி சின்னதா ஒரு பிரிண்ட் எடுத்துட்டிருந்தா இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது.

பிளாக் அண்ட் ஒயிட்னு நினைச்சு கிரேஸ்கேல் குடுக்கறாங்க, நிறைய பிரிண்டர்ல அது கலர் இங்க்கையும் கலந்துதான் சாம்பல் நிறத்தைக் கொண்டு வரும். செட்டிங்ல "பிளாக் இங்க் ஒன்லி"ன்னு இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க, பள்ளிக்கூட ஒர்க்‌ஷீட்டுக்கு இங்க் குறைவா போடுற டிராஃப்ட் மோடே தாராளம். அந்த ஒர்க்‌ஷீட்டை வாட்ஸ்அப்ல அனுப்புற டீச்சர்களுக்கும் ஒரு வேண்டுகோள், பக்கம் முழுக்க நீலமும் மஞ்சளுமா பின்னணி போட்டு அனுப்பாதீங்கம்மா, கடையில கலர் பிரிண்ட் பக்கத்துக்கு பத்து ரூபா, கூலி வேலைக்குப் போற வீட்டுல அது கஷ்டம். வெள்ளைப் பின்னணியில கோட்டுப் படமா குடுத்தா குழந்தையே கலர் அடிச்சுக்கும்.

ஆபீஸ்ல லேசர் பிரிண்டர் டோனர் (மைத்தூள்) லோன்னு காட்டின உடனே கார்ட்ரிட்ஜை கழட்டித் தூக்கிப் போடறதை பாத்திருக்கேன். வெளிய எடுத்து படுக்கவெச்சபடி பக்கவாட்டுல மெதுவா ஆட்டிட்டு திரும்பப் போடுங்க, உள்ள ஒரு பக்கமா ஒதுங்கின தூள் பரவி இன்னும் கொஞ்ச நாள் வரும், எழுத்து நிஜமாவே மங்கின பிறகு மாத்தினா போதும். எக்ஸெல் ஷீட் எடுக்கறப்ப கடைசி காலம் (மேலேருந்து கீழ வர்ற கட்டம்) மட்டும் தனித்தனி பேப்பர்ல போறது இன்னொரு பெரிய வீண், "ஃபிட் ஆல் காலம்ஸ் ஆன் ஒன் பேஜ்"னு ஒண்ணு பிரிண்ட் ஸ்க்ரீன்லயே இருக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட், வில்லங்கச் சான்று எல்லாம் எடுக்க வர்றவங்க மொத்தமா எடுங்கன்னு சொல்லிடறாங்க, எந்தப் பக்கம் கேட்டாங்கன்னு ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வாங்க. ரயில் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்கவே வேணாம், போன்ல காட்டலாம், ஒரிஜினல் அடையாள அட்டை கையில இருந்தா சரி.

ஒன் சைடு பேப்பரை ரஃப் நோட்டா தைச்சு பிள்ளைங்களுக்குக் குடுக்கறது நல்ல பழக்கம். ஆனா எதைக் குடுக்கறோம்னு பாத்துக் குடுங்க. தப்பா வந்த ஆதார் காப்பி, பாஸ்புக் காப்பி எல்லாம் பழைய பேப்பரோட எடைக்குப் போய் வடை மடிச்சுக் குடுக்கற கடை வரைக்கும் போறதை கண்ணால பாத்திருக்கேன், அச்சு மையில சாப்பாட்டை மடிக்கறதே உடம்புக்கு ஆகாது, கூடவே யாரோ ஒருத்தரோட ஆதார் நம்பரும் போட்டோவும் தெருவுல கிடக்குது. அந்த மாதிரி காப்பியை என் கடையில நாலா கிழிச்சு தனிச் சாக்குல போடறோம், வீட்டுலயும் ஆபீஸ்லயும் அப்படியே செய்யுங்க.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
கரூர் மாவட்டம்.