டிம்மர் வாங்கும் முன் பல்பைப் பார்

அன்பு மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி ஒத்தடத்தில் சற்றுத் தணிந்திருக்கிறது.

புது பிளாட்டில் விளக்குகளைப் போனிலிருந்தே இயக்க, சுவிட்சுப் பெட்டிக்குள் பொருத்தும் மாட்யூல் போடப் போவதாகச் சொன்னாய். தாராளமாகப் போடு. இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. 1975-லேயே ஸ்காட்லாந்து நிறுவனம் ஒன்று, வீட்டு மின்கம்பி வழியாகவே விளக்குக்குக் கட்டளை அனுப்பும் எக்ஸ்10 முறையை உருவாக்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பொத்தானை அழுத்த நம் வீட்டு விளக்கு எரிகிற கூத்தும் அதில் உண்டு.

கடைக்காரர் விலையைச் சொல்லியிருப்பார். மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பியான நியூட்ரலைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். சாதாரண சுவிட்சுக்கு, மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பி மட்டும் வந்து போனால் போதும். மாட்யூலோ, போனின் கட்டளையைக் கேட்க, விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கு நியூட்ரல் தேவை. நம் ஊர் போர்டுகளில் சுவிட்சுகளோடு ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயிண்டும் இருப்பது வழக்கம். அது இருந்தால் நியூட்ரலும் அங்கே இருக்கும். குளியலறை வாசலில் இருக்கும் ஒற்றைச் சுவிட்சுப் பெட்டியில்தான் தகராறு. நியூட்ரல் வேண்டாத மாட்யூலும் விற்கிறார்கள். அது விளக்கின் வழியாகவே துளி மின்சாரத்தை உறிஞ்சி ஓட்டிக்கொள்ளும். அதனால் சின்ன எல்இடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கும். பல்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே அதற்கென்றே விற்கும் கெபாசிட்டரைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய குண்டு பல்பு எதற்கும் தலையாட்டும். நொடிக்கு நூறு முறை மின்னலையில் ஒரு பகுதியை டிம்மர் வெட்டினாலும், இழையின் சூடு அதற்குள் ஆறாது. கண்ணுக்குத் துடிப்பு தெரியாது. எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் என்ற சின்ன மின்சுற்று அப்படி வெட்டுப்பட்ட மின்சாரத்தில் தடுமாறும். பல்பு துடிக்கும், இரையும், சீக்கிரம் போய்விடவும் கூடும். அட்டைப் பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று அச்சிட்டதை மட்டும் வாங்கு. விளக்கு டிம்மரிலேயே ஃபேனையும் மாட்டலாம் என்று எவராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடு. மோட்டார் உறுமும், சூடேறும்.

அறைக்கு அறை டிம்மர் எதற்கு? ஹாலிலும் படுக்கையறையிலும் ஒவ்வொன்று போதும். காய் நறுக்கும் இடத்தில் மங்கல் வெளிச்சம் யாருக்கு வேண்டும்?

இன்டர்நெட் போனாலும் சுவர் சுவிட்ச் வேலை செய்யுமா என்று கேள். செய்யாது என்றால் அந்த மாட்யூலே வேண்டாம். உன் மாமியார் வந்து தங்கும்போது விளக்குப் போடப் போனைத் தேட மாட்டார். கரண்ட் போய் வந்தபின் விளக்கு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று செயலியில் கேட்கும். அணைந்தே இருக்கும்படி வை. இல்லாவிட்டால் நள்ளிரவில் கரண்ட் வந்ததும் வீடே கல்யாண மண்டபமாகிவிடும்.

பணம் கட்டிவிடாதே. முதலில் ஒரு வயர்மேனை வரவழைத்து, மெயினை அணைத்து, ஒவ்வொரு போர்டாகத் திறந்து படம் எடுத்து அனுப்பு. நியூட்ரலுக்கான கறுப்பு வயர் எந்தெந்தப் பெட்டியில் வருகிறது என்று பார்த்து, எத்தனை மாட்யூல், எந்த வகை என்று எழுதுகிறேன். சிலர் கைக்குக் கிடைத்த நிறத்தில் வயர் இழுத்திருப்பார்கள். ஆகவே மல்டிமீட்டர் வைத்தும் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அப்பா