எத்தனை யூனிட், ஏன் அவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தையின்மைச் சிகிச்சை முகாம் விளம்பரங்கள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. பேக்கேஜ் தொகை, தவணை வசதி எல்லாம் போடுகிறார்கள். முட்டைகள் வளர்வதற்காகப் பத்து நாள் வயிற்றில் குத்திக்கொள்ளப்போகும் ஊசியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி உண்டு. சினைப்பையின் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ஹார்மோன் அளவும் அதிகம். 3 ஆண்டுகளுக்கு முன் முதல் சோதனைக்குழாய் சிகிச்சையில் தினம் 225 யூனிட் ஊசி போட்டார்கள். 26 முட்டை எடுத்தார்கள். "நிறைய வந்திருக்கு" என்று நர்ஸ் சொன்னதும் மாமியார் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். நான்காம் நாள் புடவைக் கொசுவம் செருக முடியாத அளவுக்கு வயிறு உப்பிவிட்டது. வாந்தி, மூச்சுத்திணறல். வயிற்றிலிருந்து இரண்டரை லிட்டர் நீரை எடுத்தார்கள். 6 நாள் படுக்கை. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதே அங்கே படுத்திருந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

இரண்டாம் முறை வேறு மருத்துவரிடம் போனேன். முட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை 5 நாள், அப்புறம் குறைந்த அளவு ஊசி. முட்டை முதிர்வதற்குக் கடைசியாகப் போடும் ஹெச்சிஜி ஊசிதான் நீர் கோப்பதைக் கிளப்பிவிடும் என்று சொல்லி அதையும் மாற்றினார். கிடைத்தது 6 முட்டை, 3 கரு. மூன்றாம் நாள் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டேன். வைத்த முதல் கரு தங்கவில்லை, அழுது தீர்த்தேன். ஆனால் அடுத்த முயற்சிக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது. முதல் தடவைக்குப் பிறகு அது இல்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. நெதர்லாந்து மருத்துவர்கள் 404 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குறைந்த மருந்து கொடுத்து ஒரே கரு வைத்தவர்களில் 43.4 சதவீதத்தினருக்கும், வழக்கமான மருந்தோடு இரண்டு கரு வைத்தவர்களில் 44.7 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் கர்ப்பம் தரித்து நிறைமாதக் குழந்தை பிறந்தது. அந்தப் பெண்கள் எல்லாரும் 38 வயதுக்கு உட்பட்டவர்கள். வயது கூடியவர்களுக்கும் கரு சேமிக்க வேண்டியவர்களுக்கும் கூடுதல் முட்டை தேவைப்படலாம், சரி. எல்லாருக்கும் ஒரே அளவு என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பக்கவிளைவுகளையும் ஆபத்துகளையும் தம்பதிக்கு விளக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமே சொல்கிறது. என்னிடம் ஆங்கிலத் தாள்களை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான். ஊசி தொடங்கும் முன் எதிரே உட்கார்ந்து, எத்தனை யூனிட், ஏன் அவ்வளவு, குறைத்தால் என்ன ஆகும் என்று தமிழில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
மயிலாடுதுறை